பெரிய கடைக்கு முறை வைத்த ஊர்

என் கடையை விழுங்கியது பொன்னேரியில் திறந்த பெரிய கடை என்று ஊரில் சொல்வார்கள். கேட்க ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் என் கடைக்குப் பூட்டுப் போட்டது ஒரு சட்டம். நான் யோசித்து, என் வீட்டுக்காரர் வாயால் ஊர்க் கூட்டத்தில் சொல்லவைத்து, ஊரே தலையாட்டி ஏற்றுக்கொண்ட சட்டம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு யாராவது ஆள் தேடினால் என்னைக் காட்டலாம்.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் ஊர். வீட்டின் முன்னறைதான் கடை. பதினெட்டு வருடம் நடத்தினேன். நல்ல கடை என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். பிஸ்கட் நமுத்திருக்கும். பருப்பை வாங்கியவர்கள் வண்டு பொறுக்கிவிட்டுத்தான் உலையில் போட வேண்டும். விலை பொன்னேரியைவிட எப்போதும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கூடுதல். அதை யாராவது கேட்டால், "பஸ் டிக்கெட் நீ குடுக்கிறியா?" என்று திருப்பிக் கேட்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அப்படியும் எல்லோரும் என்னிடம்தான் வந்தார்கள். ஏரி தினமும் கொடுக்கும், அல்லது தினமும் கொடுக்காது. காலையில் வலை என்ன சொல்கிறதோ அதுதான் அன்றைய சமையல். ஐந்து ரூபாய்க்கு எண்ணெய், மூன்று ரூபாய்க்கு மிளகாய்த்தூள், ஒரு கைப்பிடி புளி. இப்படி வாங்கினால்தான் எங்களுக்குக் கட்டும். ஐந்து லிட்டர் எண்ணெயை ஒரே நாளில் வாங்கி வைக்க, ஐந்து லிட்டருக்கான காசு ஒரே நாளில் கையில் இருக்க வேண்டுமே.

ஊரைத் தாண்டிக் கரையோரமாக ஏழெட்டுக் குடிசைகள் இருந்தன. அங்கிருந்த பெண்கள் வலை இல்லாமல் கையாலேயே இறால் பிடிப்பவர்கள். பனையோலையில் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, தலை மட்டும் வெளியே தெரியத் தண்ணீரில் தவழ்ந்தபடி சேற்றைத் துழாவிப் பிடிப்பார்கள். வெயில் ஏறியதும் அந்தப் பறிகள் நேராக என் கடைக்கு வரும். இறாலின் விலை மத்தியானம் வியாபாரியின் வண்டி வந்த பிறகுதான் தெரியும். அதுவரை அவர்களை நிற்கவைக்க முடியாது. அதனால் பழைய எண்ணெய் கேனை வட்டமாக வெட்டி, எண் எழுதி, மஞ்சள் வில்லைகள் செய்து வைத்திருந்தேன். காலையில் பறியைக் கொடுத்து வில்லையை வாங்கிப் போவார்கள். சாயங்காலம் வில்லையை நீட்டினால் அன்றைய விலைக்கு அரிசி, புளி, எண்ணெய். எழுத்து, படிப்பு எதுவும் தேவையில்லை. வில்லை கையில் இருந்தால் சாப்பாடு உண்டு.

அந்தப் பெண்களில் ஒருத்திக்கு எப்போதும் மூன்றாம் எண் வில்லைதான் வேண்டும். வேறு எண்ணைக் கொடுத்தால் வாங்க மாட்டாள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். ஆனாலும் நான் அவளை "வா, போ" என்பேன். அவள் என்னை "யம்மா" என்பாள். வலை வைத்திருக்கிற ஊருக்கும் வலை இல்லாத குடிசைக்கும் நடுவே மரியாதை அப்படித்தான் ஓடியது. அப்போது அது எனக்கு உறுத்தவில்லை. இப்போது எழுதும்போது உறுத்துகிறது, அதனால் சொல்கிறேன்.

பெரிய கடை திறந்த வாரம் எங்கள் ஊரிலிருந்து முதலில் போனவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போன பையன்கள் வீட்டில்தான் முதல்முதலாக மாதச் சாமான் என்ற பேச்சே வந்தது. சம்பளம் மொத்தமாக வந்தால் சாமானும் மொத்தமாகத்தானே வரும். ஆளுயரப் பைகளோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். எண்ணெய்க்கு ஒரு கிலோ சர்க்கரை இலவசம், சோப்புக்கு சோப்பே இலவசம். பக்கத்து வீட்டுக்காரி பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். பெண் வீட்டுச் சீர் பார்க்கிற மாதிரி ஊரே சுற்றி நின்று பார்த்தது. நானும்தான் நின்றேன்.

மூன்றாம் நாள் கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, யாருக்கும் சொல்லாமல் நானே போய்ப் பார்த்தேன். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. நான் மொத்தக் கடையில் வாங்குகிற விலையைவிட அங்கே சில்லறை விலை குறைவு. விலைச்சீட்டை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அங்கேயே ஒரு யோசனை வந்தது. இவனிடமே வாங்கிக்கொண்டு போய் நான் விற்றால் என்ன? பத்து எண்ணெய் பாக்கெட்டை அள்ளிக் கூடையில் போட்டேன். பில் போடுகிற பெண் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற எட்டையும் தன் பக்கம் ஒதுக்கினாள். ஒரு பில்லுக்கு இரண்டுதானாம். என்னைப் போல எத்தனை கடைக்காரிகளைப் பார்த்திருப்பார்களோ, எனக்கு முன்னாலேயே எனக்குச் சட்டம் எழுதி வைத்திருந்தார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில், அவன் சட்டம் போட்டால் நாமும் ஒரு சட்டம் போடலாம் என்று தோன்றியது.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒன்று உண்டு. மீன் அதிகம் விழுகிற இடங்களில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வலை போட முடியாது. ஊர் கூடிச் சீட்டெடுத்து, இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று முறை வைத்துக்கொள்வோம். முறை இல்லாதவன் போனால் அபராதம். முறை வந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் அதை வீணாக்கினாலும் அபராதம். வலைக்காரன் படுக்கையில் விழுந்தாலும், செத்தே போனாலும், அந்த வீட்டின் முறை போகாது. மற்றவர்கள் வலை போட்டு அந்த வீட்டுப் பங்கைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஏரியை ஒரேயடியாக அள்ளித் தின்றுவிடாமல் இத்தனை தலைமுறையாக எங்களைக் காப்பாற்றி வைத்திருப்பது அதுதான். ஏரியையே முறைக்குள் அடக்கியவர்களுக்கு ஒரு கடையை அடக்கத் தெரியாதா என்று நினைத்தேன். கடையும் ஏரியும் ஒன்று என்று நினைத்தவள் நான். இந்த முட்டாள்தனம் வேறு எந்த ஊரில் இருக்கிறவளுக்கும் தோன்றியிருக்காது.

எங்கள் ஊர்க் கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. தள்ளி நின்று கேட்கலாம். அதனால் மூன்று நாள் வீட்டுக்காரருக்குப் பாடம் நடத்தினேன். நாலாம் நாள் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார்.

"ஏரிக்கு மொற கீது. அந்தக் கடைக்கும் மொற வெச்சிக்கலாம். வாரத்துக்கு ஒரு வூடு. சீட்டு எடுக்கறது. மொற இல்லாதவன் போவக் கூடாது. மீறனா பாட்டுக்கு இன்னா அபராதமோ, அதே."

துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருவன், "நாங்க ஏரிப் பாட்டுக்கே போறதில்ல. எங்களுக்கு இன்னா மொற?" என்றான்.

"ஊர்ல குந்திகினு சோறு துன்ற வரைக்கும் உனக்கும் மொறதான்," என்று ஒரு பெரியவர் அவனை அடக்கினார்.

சட்டம் நிறைவேறிவிட்டது. என்மேல் இருந்த பாசம் என்று அன்றைக்கு நினைத்தேன். பாசமும் கொஞ்சம் இருந்திருக்கும். ஆனால் முறை என்று ஒரு சொல்லைச் சொல்லி எதைக் கேட்டாலும் எங்கள் ஊரில் மறுக்க மாட்டார்கள் என்பதுதான் பெரிய காரணம். அன்றைக்கு ராத்திரி வீட்டில் பாயசம் வைத்தேன்.

ஐந்து வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. வாரத்துக்கு ஒரு வீடு போய்த் தன் சாமானை மட்டும் வாங்கி வந்தது. மற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது என்னிடம் வந்தார்கள். ஆறாம் வாரம், படகு இழுக்கும்போது கால் முறிந்து படுத்திருந்தவர் வீட்டுக்கு முறை வந்தது. அவர் பெண்டாட்டியால் அவரை விட்டுவிட்டுப் போக முடியாது. என்ன செய்வது என்று கூட்டத்தில் கேட்டார்கள். இதில் கேட்க என்ன இருக்கிறது? பாட்டில் எப்படியோ அப்படி. பக்கத்து வீட்டுக்காரன் அந்த முறையில் போய் அவர்கள் சாமானை வாங்கி வந்து கொடுத்தான். கூடவே தனக்கும் வாங்கிக்கொண்டான். போன ஆளுக்குப் பங்கு உண்டே.

அடுத்த வாரம் இன்னொருத்தி தன் பட்டியலை முறைக்காரர் கையில் கொடுத்தாள். அதற்கடுத்த வாரம் பத்துப் பட்டியல். என் வீட்டுக்காரர் கூட்டத்தில் ஆட்சேபித்துப் பார்த்தார். அதே பெரியவர் அமைதியாகக் கேட்டார்.

"மொற வந்தவன் தனக்கு மட்டும் வாரிக்கினு வந்தா அது மொறயாடா? பாட்டுல நாம அப்பிடியா செய்றோம்?"

வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாட்டின்படி பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

சட்டம் வருவதற்கு முன்னால் அந்தக் கடைக்குப் போக வேண்டுமென்றால் ஒரு நாள் பிழைப்பை விட வேண்டும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும், மூட்டையைச் சுமக்கத் தெம்பு வேண்டும். அதனால் சம்பளக்காரர்கள் பத்து வீட்டோடு அது நின்றிருக்கும். இப்போது வாரம் ஒருவன் போனான். ஊர் முழுக்கப் போனதாக ஆயிற்று, ஒருவரும் வாசலைத் தாண்டாமலேயே. சுமை அதிகமானதும் ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்குப் பேசிக்கொண்டார்கள். வாடகையைத் தலைக்கட்டுக்கு, அதாவது வீட்டுக்கு, இத்தனை என்று பிரித்தால் டீச் செலவுகூட வரவில்லை.

ஐந்து லிட்டர் எண்ணெயை வாங்கக் காசில்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்களா? நாலு வீடு சேர்ந்து ஒரு கேன் வாங்கிப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். என் கடையின் ஒரே பலம் சில்லறையாகக் கொடுப்பதுதான். அதையும் ஊர் தானே செய்துகொண்டது. அளக்க ஆழாக்கும் நிறுக்கத் தராசும் வேண்டுமே, அதற்கு என்னிடம் வந்தார்கள்.

"அண்ணி, அந்தத் தராசை கொஞ்சம் குடேன். பிரிச்சிட்டு கொணாந்து குடுத்துடறேன்."

கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்வது, அதுவும் சும்மாதானே கிடந்தது.

அதற்குப் பிறகு என்னிடம் வந்தவை திடீரென்று தீர்ந்துபோன தீப்பெட்டி, விருந்தாளிக்கு ஒரு சோடா, தலைவலி மாத்திரை. யார்மேலும் கோபப்பட எனக்கு வழியில்லை. நமுத்த பிஸ்கட்டை விற்றவள் நான். அவர்கள் பிள்ளைகள் மொறுமொறு பிஸ்கட்டைத் தின்றால் நான் எந்த வாயால் வேண்டாம் என்பேன்? ஆனாலும் கோபம் வந்தது. வாசலில் கோலம் போடும்போது மாவை ஓங்கி வீசுவேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இந்தக் கணக்கில் குடிசைப் பெண்கள் இல்லை. அவர்கள் ஊர்த் தலைக்கட்டு கிடையாது. பாட்டிலும் அவர்களுக்குப் பங்கில்லை, கடை முறையிலும் இல்லை. யார் பட்டியலிலும் அவர்கள் சாமான் ஏறாது. அதனால் அவர்கள் மட்டும் பறியோடு என்னிடம் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு கட்டத்தில் என் கடை அவர்களுக்காக மட்டும்தான் திறந்திருந்தது. அதையாவது நடத்தலாம் என்று நினைத்தேன். அதுவும் நடக்கவில்லை.

இறால் வியாபாரி எங்கள் ஊருக்கு வந்தது இறாலுக்காக மட்டுமல்ல என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வரும்போது எனக்கு அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் ஏற்றி வருவான். அந்த வாடகைதான் அவனுக்கு டீசல். என் சரக்கு குறைந்ததும் நாலு பறி இறாலுக்காக வண்டி ஓட்டுவது அவனுக்குக் கட்டவில்லை. ஒரு நாள் கைபேசியில் கூப்பிட்டு, "யக்கா, இனிமே பழவேற்காட்டோட திரும்பிக்கிறேன். நீயே யாருகிட்டயாச்சும் குடுத்து அனுப்பு," என்றான். மலிவு எண்ணெய்க்கும் இறாலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். இங்கே ஒரு கயிற்றை அறுத்தால் அங்கே வேறொருவர் தண்ணீரில் விழுகிறார்.

நானும் கொஞ்ச நாள் பிடிவாதமாக இறாலை வாங்கினேன். ஐஸ் போட்டு வைத்துப் பார்த்தேன். பஸ்ஸில் ஏற்றப் பார்த்தேன். கண்டக்டர் நாற்றம் என்று இறக்கிவிட்டான். மிஞ்சியதை எல்லாம் நாங்களே தின்றோம். குழம்பு, தொக்கு, வறுவல். பத்தாம் நாள் என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு, "எறாவ பாத்தாலே கொமட்டுது. மூடிடு," என்றார். இறாலைத்தான் சொன்னாரோ கடையைத்தான் சொன்னாரோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் இரண்டையும் நிறுத்திவிட்டேன்.

குடிசைப் பெண்களிடமிருந்து வில்லைகளைத் திருப்பி வாங்கினேன். மூன்றாம் எண்காரி மட்டும் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"நாள பொழுதுக்கு இன்னாம்மா பண்றது?"

"பழவேற்காட்டுக்கு எடுத்துகினு போ. வாங்குவாங்க."

"அங்க காசு குடுப்பாங்க. கம்மியா குடுப்பாங்க. அரிசி குடுப்பாங்களா?"

அவள் கேட்டது எனக்குப் புரிந்தது. பழவேற்காடு கரையில் அவளைப் போல நூறு பேர் பறியோடு உட்கார்ந்திருப்பார்கள். யார் கேட்ட விலைக்கு யார் கொடுக்கிறார்களோ அதுதான் அங்கே விலை. ஆனாலும் எரிச்சல்தான் வந்தது. "என்ன இன்னா பண்ண சொல்ற?" என்று கதவைச் சாத்தினேன்.

நாலு மாதம் சும்மா இருந்தேன். முகத்துவாரத்தை மணல் மூடிவிட்ட வருடம் அது. கடல் தண்ணீர் உள்ளே வராமல் ஏரியில் மீனும் குறைந்தது. வீட்டுக்காரர் பல நாள் வெறும் வலையோடு வந்தார். கடைசியில் அந்தப் பெரிய கடைக்கே வேலை கேட்டுப் போனேன். மேற்பார்வை பார்க்கிறவர் என்னிடம் கடை அனுபவம் உண்டா என்று கேட்டார். பதினெட்டு வருடம் என்றேன். கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். வாசலில் பைகளை வாங்கி வைக்கிற இடத்தில் போட்டார்.

வேலை சுலபம். வெளியிலிருந்து கொண்டுவருகிற பையோடு உள்ளே போகக் கூடாது. நான் அதை வாங்கி, அலமாரியில் எண் போட்ட ஒரு அறையில் வைத்து, அதே எண் உள்ள பிளாஸ்டிக் வில்லையைக் கொடுக்க வேண்டும். வெளியே வரும்போது வில்லையை வாங்கிக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுத்து, பில்லில் ஓட்டை போட வேண்டும். சேலைக்கு மேல் நீலக் கோட்டு. காலையில் வந்ததும் எங்கள் பர்ஸை ஒப்படைத்துவிட வேண்டும். வேலை நேரத்தில் எங்கள் கையில் ஒரு ரூபாய்கூட இருக்கக் கூடாது. அங்கேயும் வில்லைகள் மஞ்சள்தான். முதல் நாள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். வாரம் ஒரு முறை குட்டியானையில் எங்கள் ஊர் முறைக்காரர் வருவார். நான் அவர் பையை வாங்கி வைப்பேன், அவர் பில்லில் ஓட்டை போடுவேன். என் கடை மூடிய பிறகும் அந்த முறை நிற்கவில்லை. யாரைக் காப்பாற்ற அது வந்தது என்பதே பலருக்கு மறந்துவிட்டது.

வாடைக்காற்று தொடங்கி மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் மூன்றாம் எண்காரி வந்தாள். முட்டிவரை சேலை ஈரம். இடுப்பில் பறி, அதன்மேல் ஈரச் சாக்கு. அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓர் அம்மாள் விலகி நின்றார்.

"உன்ன தேடிகினுதாம்மா வந்தேன்," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "உன் கடை இம்மாம் பெர்சா ஆயிடுச்சாமே. சொன்னாங்க. எங்க கீற நீன்னு கேட்டு கேட்டு வந்தேன். பஸ்ல ஏத்தல. அனுப்பம்பட்டு வரைக்கும் மீன் வண்டியில வந்து, அங்கேருந்து நடந்தேன்."

"இன்னா விசயம்?" என்றேன்.

"பொண்ணு பெத்துகினு கீறாம்மா. ஒம்போது நாள் ஆவுது. பூண்டு, கருப்பட்டி, நல்லெண்ண வேணும். இன்னிக்கு நல்ல எறா. பாரு."

சாக்கை விலக்கிக் காட்டினாள். வெள்ளை இறால், இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. வரிசையில் யாரோ சீக்கிரம் என்றார்கள். மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து பார்த்தார். அவளுக்கு விளக்கிச் சொல்ல ஒரு நிமிடம் பிடிக்கும். அந்த ஒரு நிமிடம் இல்லை என்று நினைத்தேன். பறியை வாங்கி அறையில் வைத்தேன். வில்லையை எடுத்து நீட்டினேன். கை தானாகச் செய்தது. பதினெட்டு வருடப் பழக்கம். பிறகு கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

அவள் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூணு இல்லியா?" என்றாள். பிறகு, "சரி, குடு," என்று முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு கூட்டம் விடவில்லை. சுமார் அரை மணி நேரம் கழித்துப் பில் போடுகிற பெண் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். போனேன். பில் மேசைமேல் அரைக் கிலோ பூண்டு, கருப்பட்டிப் பாக்கெட், நல்லெண்ணெய், இரண்டு கிலோ அரிசி, குழந்தைக்குப் பூப்போட்ட ஒரு துணி. அவற்றுக்குப் பக்கத்தில் மஞ்சள் வில்லை.

"இந்தம்மா டோக்கனக் குடுத்துட்டு நிக்கிறாங்கக்கா. காசு கேட்டா உங்களக் கேக்க சொல்றாங்க."

"எறா குடுத்துகீறேன்ல," என்றாள் மூன்றாம் எண்காரி. அவளுக்குச் சந்தேகமே இல்லை. "நீ சொல்லும்மா. எறா குடுத்துட்டுதான வில்லைய வாங்கனேன்."

வரிசையில் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது, வேடிக்கையைப் பார்த்தால் வருகிற சிரிப்பு. மேற்பார்வையாளர் வந்தார். "தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எடுத்துச் சொல்லி அனுப்புங்க. அந்தக் கூடைய மொதல்ல வெளிய எடுங்க, நாத்தம் வருது," என்று சொல்லிவிட்டுப் போனார். அவரையும் குறை சொல்ல முடியாது, நாற்றம் வந்தது உண்மை.

என் பர்ஸ் என்னிடம் இல்லை. வரிசையில் இரண்டு பேர் தள்ளி, தள்ளுவண்டி நிறையச் சாமானோடு எங்கள் ஊர்க்காரி நின்றிருந்தாள். அந்த வாரம் அவள் வீட்டு முறை. அவள் கையில் இருந்தது ஊர்க்காசு, வீடு வீடாகப் பட்டியலோடு சுருட்டி ரப்பர் போட்டு வைத்தது. அவளிடம் கேட்டிருக்கலாம். சாயங்காலம் கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு, இத்தனை பேர் நடுவில், குடிசைக்காரிக்காகக் கை நீட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு முறை பேனாவை வைத்துவிட்டேன்.

"அது பைக்குக் குடுத்த வில்லை," என்றேன். "எறாவுக்கு இல்ல. இங்க எறா வாங்க மாட்டாங்க. காசு குடுத்தாதான் சாமான்."

அவள் சாமான்களைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். வைத்துவிட்டுப் போகலாம், நாங்கள் அடுக்கிக்கொள்கிறோம் என்று அந்தப் பெண் சொன்னதை அவள் கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் எங்கே எடுத்தாளோ அங்கேயே கொண்டுபோய் வைத்தாள். பூண்டைப் பூண்டு இருந்த இடத்தில். குழந்தைத் துணியை மடிப்புக் கலையாமல். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கடையில் அவளை நான் ஒரு பொருளைக்கூடத் தொடவிட்டதில்லை. எதுவானாலும் நானேதான் எடுத்துக் கொடுப்பேன்.

வந்து வில்லையைக் கொடுத்தாள். பறியைக் கொடுத்தேன். இறால் துடிப்பு நின்றிருந்தது.

"அப்ப இந்தக் கடையில உனுக்கு இன்னாம்மா வேல?"

"பைய வாங்கி வெக்கிறது."

"வாங்கி?"

"திருப்பிக் குடுக்கிறது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் என் நீலக் கோட்டை மேலும் கீழும் பார்த்தாள். எனக்காக வருத்தப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். பறியை இடுப்பில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். சாக்கைத் தலையில் போட்டுக்கொள்ளக்கூட இல்லை. பிறகு நான் பார்த்தது வரிசையில் அடுத்து நின்றவரின் பையைத்தான்.

எங்கள் ஊர்க்காரி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பில்லை நீட்டினாள். ஓட்டை போட்டேன். பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தாள்.

"அடுத்த வாரம் உங்க வூட்டு மொற, அண்ணி. நீ இங்கியே கீற, உனுக்கு சுலபம். எங்க லிஸ்ட்ட இப்பவே குடுத்துடறேன்."

வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். முதல் வரியிலேயே பூண்டு ஒரு கிலோ என்று இருந்தது. முடியாது என்று சொல்ல வழியில்லை. முறை வந்த வீடு அதை வீணாக்கினால் அபராதம். பாட்டில் எப்படியோ அப்படியே இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.